கூட்டுல பேரு போடுறதுக்கு முன்னாடி: சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சலூன், சாப்பாட்டுக்கடை, நகைப்பட்டறை, செம்பனைத் தோட்டம் என்று எந்த வேலைக்கு வந்திருந்தாலும் சரி, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வந்து இறங்கிய ஒன்றிரண்டு மாதத்துக்குள் யாராவது உங்களிடம் "கூட்டுல ஒரு பேரு போட்டுக்கிறியா?" என்று கேட்பார்கள். நம்ம ஊர்ச் சீட்டேதான். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஜெண்ட் எதையும் சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் சம்பள சிலிப். 2025 ஆகஸ்டிலிருந்து சின்னக் கடை, பெரிய கடை என்ற வித்தியாசமில்லாமல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்). லெவியை, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டுகிற வரியை, 2018 முதல் முதலாளிதான் கட்ட வேண்டும். "லெவிக்குப் பிடிக்கிறேன்" என்று சொன்னால், அது எந்தச் சட்டம் என்று பணிவாகவே கேளுங்கள். சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) இருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதுதான். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து நமக்கும் இ.பி.எஃப். (சேமநிதி, ஊரில் பி.எஃப். மாதிரி) வந்துவிட்டது. நம் பங்கு 2 விழுக்காடு, முதலாளி பங்கு 2 விழுக்காடு. 1,700 சம்பளத்துக்கு மாதம் 34 வெள்ளி பிடிப்பார்கள், அவர்களும் 34 போடுவார்கள். "பிடிச்சுட்டானுங்க" என்று புலம்பாதீர்கள். 2024க்கு அவர்கள் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. வேலையை முடித்துக்கொண்டு நாட்டை விட்டுக் கிளம்பும்போது மொத்தத்தையும் எடுக்கலாம். பிடித்த பணம் உண்மையிலேயே கணக்குக்குப் போகிறதா என்பதை மட்டும் உங்கள் போனிலேயே மாதாமாதம் பாருங்கள்.

வருடத்தின் பின்பாதியில் வந்து இறங்கியவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். அந்த ஆண்டில் 182 நாள் இங்கே தங்கியிருக்க முடியாது என்பதால், பொதுவாக 30 விழுக்காடு வரி பிடிப்பார்கள். அடுத்த ஆண்டு சரியாகிவிடும். வீட்டுக்கு இவ்வளவு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் முன் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேங்க் கணக்கு திறந்துவிட்டீர்கள் என்றால், அங்கே போடும் பணத்துக்கு 2,50,000 வெள்ளி வரை பி.ஐ.டி.எம். (அரசின் வைப்புக் காப்புறுதி அமைப்பு) காப்பு உண்டு. நம் தொகைக்கு அது தாராளம். ஏடிஎம் கார்டை மட்டும் யாருக்கும், எந்த அண்ணனுக்கும், "மாசம் 200 தரேன், சும்மா கொடு" என்று கேட்கிற எவனுக்கும் தராதீர்கள். உங்கள் கணக்கு வழியாகத் திருட்டுப் பணம் ஓடினால் கம்பி எண்ணப் போவது நீங்கள்தான். உள்ளூர் நண்பர்கள் அமானா சஹாம் என்ற யூனிட் டிரஸ்ட் திட்டம் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் குடிமக்களுக்கு மட்டும். வாட்ஸ்அப்பில் "பதினாலு நாளில் டபுள்" என்று வந்தால், மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் செக்யூரிட்டீஸ் கமிஷனும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன, அதில் தேடுங்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் சேராதீர்கள். ஏமாந்தது தெரிந்த உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு அடியுங்கள்.

இனி கூட்டு.

எங்கள் வீட்டில் தங்கியிருந்த தம்பி, புதுக்கோட்டைப் பக்கம், சலூனில் வேலை. தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்க்க வேண்டும் என்று தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு அக்கா நடத்திய கூட்டில் சேர்ந்தான். இருபது பேர், ஆளுக்கு 300 வெள்ளி, இருபது மாதம். முதல் மாதம் முழு 6,000மும் அக்காவுக்கு. அடுத்த மாதத்திலிருந்து ஏலம். அவசரக்காரன் 1,200 தள்ளி 4,800க்கு எடுப்பான். தள்ளிய 1,200 இருபது பேருக்கும் பிரியும், அந்த மாதம் 240 கட்டினால் போதும். கடைசி வரை ஏலம் கேட்காமல் இருப்பவனுக்கு 6,000 முழுசாக வரும், அவன் கட்டியதோ அதைவிடக் குறைவு. "நீ ஏன் தம்பி அவசரப்படுற, கடைசியா எடு, லாபம்லா" என்று அக்காவே சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

ஊரில் அம்மாவும் சித்தியும் சீட்டுப் போட்டுத்தான் நமக்கு ஃபீஸ் கட்டினார்கள். அதனால் நமக்கு இது முதலீடே இல்லை, வீட்டு வழக்கம். ஆனால் ஊரில் பதிவு செய்த சீட்டுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நடத்துகிறவர் சீட்டுத் தொகை அளவுக்குப் பணத்தைப் பதிவாளர் பெயரில் வைப்பாகக் கட்ட வேண்டும். சீட்டை எடுத்தவன் ஜாமீன் கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்கு நாம் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அப்புறம் பயந்துகொண்டே தூங்கியிருக்கிறோம்! இங்கே அது எதுவும் கிடையாது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதையே 1971இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். பதிவாளரும் இல்லை, ஜாமீனும் இல்லை. இருப்பது அக்காவின் 555 நோட்டு ஒன்றுதான், மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அதே குட்டி நோட்டு.

அந்த நோட்டைப் பிறகு நானும் பார்த்தேன். "சலூன் 2", "லோரி", "ரொட்டி சானாய் மாஸ்டர்", "மினி மார்க்கெட் பெரியவர்", இப்படித்தான் பெயர்கள். பக்கத்தில் நீல மையில் டிக். எடுத்தவர்களுக்குச் சிவப்பில் ஒரு வட்டம். பாஸ்போர்ட் நம்பர் இல்லை, ஊர் இல்லை, கையெழுத்தும் இல்லை.

பாதி தாண்டியதும் ஆட ஆரம்பித்தது. ரொட்டி சானாய் மாஸ்டர் வேலை செய்த கடையை மூடிவிட்டார்கள், அவர் சொல்லாமல் பினாங்குக்குப் போய்விட்டார். இன்னொருவருக்குப் பெர்மிட் முடிந்து ஊருக்கு விமானம் ஏறிவிட்டார். இருவருமே சிவப்பு வட்டக்காரர்கள். அக்கா இரண்டு மாதம் கைக்காசைப் போட்டு இழுத்துப் பார்த்தார். பிறகு இன்னொருவரும் நின்றதும், ஒரு நாள் வீட்டுக் கதவில் பூட்டு. ஜோகூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். போலீசுக்குப் போகலாம் என்றால், தடை செய்த விஷயத்தில் சேர்ந்த தன்னையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள் என்று தம்பி நகரவே மறுத்துவிட்டான். தங்கச்சி கல்யாணம் நடந்தது, வெளியே மூணு வட்டிக்கு வாங்கி.

எல்லாரும் அக்காவைத் திட்டினார்கள். எனக்குக் கோபம் அந்தக் கணக்கின் மேல். முதலில் எடுப்பவன் கடன் வாங்குகிறான், கடைசி வரை காத்திருப்பவன் கடன் கொடுக்கிறான், அவ்வளவுதான் விஷயம். தம்பி சேமிப்பதாக நினைத்துக்கொண்டு, முகம் தெரியாத பத்துப் பேருக்கு ஈடில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பத்துப் பேரும் இதே ஊரில், இதே மாதிரி பெர்மிட்டில், இதே மாதிரி கடைகளில் வேலை செய்கிறவர்கள். வியாபாரம் படுத்தால் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் படுக்கும். நிலவரம் சரியில்லாத காலத்தில் கையில் காசு இருக்கட்டும் என்றுதான் கூட்டில் சேர்கிறோம், ஆனால் அந்தக் காலத்தில்தான் அது முதலில் உடையும்.

சேர்ந்து சேமிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. மலேசியாவின் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் (ரப்பர்) வெட்டுகிற சனங்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். அதைச் சொல்லும்போது இங்கே பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். வந்தேறி எனக்குமே பெருமையாக இருக்கும். ஆனால் அது பதிவு செய்த சங்கம், ஒவ்வொரு பங்குக்கும் கணக்கு இருந்தது. அக்காவிடம் நோட்டு இருந்தது.

அப்படியானால் என்னதான் செய்வது? ஏஜெண்டுக்குக் கட்ட ஊரில் மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால், அது வருடத்துக்கு 36 விழுக்காடு. அதைத் தீர்ப்பதைவிட நல்ல முதலீடு இந்த உலகத்தில் எவனும் உங்களுக்குத் தரப்போவதில்லை. அது முடியும் வரை பங்கு, தங்கம், கிரிப்டோ எதுவும் பேசாதீர்கள். கூடவே மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் ஊருக்கு ஒரு டிக்கெட்டுக்கும் ஆகிற பணம் இங்கே பேங்கில் தொடாமல் கிடக்கட்டும். முதலாளி திடீரென்று கடையை மூடினால் ஆலோங்கிடம் (கந்துவட்டிக்காரனிடம்) போகாமல் காப்பாற்றுவது அதுதான்.

அடுத்து, ஊரில் என்.ஆர்.இ. கணக்கு, அதாவது வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டுவைக்கிற கணக்கு. பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ.வாக (வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வருமானத்துக்கான கணக்கு) மாற்ற வேண்டும். என்.ஆர்.இ. வைப்பு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டிக்கு உண்டு. பணம் அனுப்ப ரேட் ஏறட்டும் என்று காத்திருக்கிறவர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்குச் சுமார் 17 ரூபாய், அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 20 ரூபாய். ஏறும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. தெரிந்ததாக இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். சம்பளம் வந்ததும் மாதாமாதம் அனுப்பிவிட்டால் நல்ல ரேட்டும் கெட்ட ரேட்டும் கலந்து சமமாகிவிடும்.

தங்கம் வாங்கத்தான் செய்வீர்கள், சொன்னால் கேட்கவா போகிறீர்கள். செய்கூலி குறைவான 916 வளையலாகப் பாருங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கிளம்புகிற நேரத்தில் அவசரப்பட்டு இங்குள்ள பேங்க் கணக்கை முதலில் மூடிவிடாதீர்கள். இ.பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வந்து, ஊருக்கு அனுப்பிய பிறகு மூடுங்கள்.