நோட்டேசன் ஃபைல்களை எப்படிங்க பிரிச்சு வெக்கறது?

கோபியில எங்க பெரியப்பா எழுதி வெச்சிருந்த பாட்டு நோட்டுகளை ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சப்பதான் இந்த வேலை எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுதுங்க. உங்ககிட்டயும் ஸ்கேன், பிடிஎஃப், மியூஸ்ஸ்கோர் (நோட்டேசன் எழுதற சாஃப்ட்வேர்) ஃபைல்னு கலந்து கெடந்தா இப்படிப் பண்ணிப் பாருங்க.

மொதல்ல ஒரு கூகுள் ஷீட் தெறந்துக்கோங்க. ஒரு ஃபைலுக்கு ஒரு வரி. பாட்டுப் பேரு, இயற்றியவர் போட்டதும், பாட்டு வகைக்கு ஒரு கட்டம், எழுதுன விதத்துக்குத் தனியா இன்னொரு கட்டம். வர்ணம், கீர்த்தனை, கும்மி, சினிமாப்பாட்டு இதெல்லாம் பாட்டு வகை, ஆனா அது ஸ்வரமா எழுதியிருக்கா, அஞ்சு கோட்டு ஸ்டாஃபா, மிருதங்க ஜதியா, பாட்டு வரிக்கு மேல கார்டு (chord, சேர்த்து வாசிக்கற சுரக்கூட்டு) மட்டுமாங்கறது எழுதுன விதம், இந்த ரெண்டையும் ஒரே ஃபோல்டர் பேர்ல திணிச்சாத்தான் எல்லாக் கொழப்பமும் வருது.

அடுத்து, ஸ்வர நோட்டேசன்னா ராகமும் தாளமும் கட்டாயமுங்க. ஏன்னா மாயாமாளவகௌளையும் சங்கராபரணமும் ஆரோகணத்துல ஒரே மாதிரி ஸ ரி க ம ப த நி ஸன்னுதான் எழுதுவாங்க, ஆனா ரியும் தவும் ரெண்டுக்கும் வேற வேற. மொதல் பக்கம் கிழிஞ்சு ராகம் பேரு போயிருச்சுன்னா அந்தத் தாளைப் புதுசாப் படிக்கறவங்க எந்த ரின்னு வாசிப்பாங்க, சொல்லுங்க? மேளகர்த்தா நம்பரும், அதாவது தாய் ராகங்களோட வரிசை நம்பரும், சேர்த்துப் போட்டா (மாயாமாளவகௌளை 15, சங்கராபரணம் 29) ராகத்தோட ஸ்பெல்லிங் மாறுனாலும் தேடிப் புடிச்சரலாம். சர்ச் பாட்டுகள்ல வர்ற, டோ ரே மீன்னு எழுதற டானிக் சோல்ஃபாவும் இப்படித்தான், டோ எந்தச் சுருதின்னு மேல போட்டிருப்பாங்க, அதையும் விடாம ஏத்துங்க.

ஸ்டாஃப் நோட்டேசன்ல அது முழு ஸ்கோரா, ஒரு வாத்தியத்தோட பார்ட் மட்டுமா, மெலடியும் கார்டும் மட்டும் இருக்கற லீட் ஷீட்டான்னு எழுதுங்க. பார்ட்டுன்னா எந்த வாத்தியத்துக்குங்கறதும் வேணும். எங்க ஊர்ப் பசங்க நோம்பிக்கு பிராக்டீஸ் பண்ணும்போது, நான் வெறும் பாட்டுப் பேர் மட்டும் போட்டு அனுப்புன ஃபைலை கீபோர்டு வாசிக்கற பையன் எடுத்து வாசிச்சான், அது பி ஃபிளாட் கிளாரினெட் பார்ட்டுங்க. அதுல ஸின்னு (இங்கிலீஷ் C) எழுதியிருந்தா கிளாரினெட்ல பி ஃபிளாட்டாத்தான் கேக்கும், கீபோர்டுல ஸியாவே கேக்கும், அதனால அவன் மட்டும் ஒரு கட்டை மேல போயி, பாவம், அவன் தப்பா வாசிக்கறான்னே எல்லாரும் நெனச்சாங்க. தப்பு எம்மேலதான்.

ஃபைல் பேரு சிம்பிளா, பாட்டு_ராகம்_விதம்_வாத்தியம்னு ஒரே வரிசையில வெச்சாப் போதும். ஸ்கேன் 300 டிபிஐக்குக் கொறையாம எடுங்க, இல்லீன்னா மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயியைக் காட்ட பென்சில்ல போட்ட புள்ளி காணாமப் போயிரும், மேல புள்ளி இல்லாத ஸவைக் கீழ பாடிருவாங்க.

கடைசியா உரிமைக்கு ஒரு கட்டம். தியாகராஜர் 1847லயே காலமாயிட்டாரு, அவரு கீர்த்தனையை யாரும் எடுத்துக்கலாம், ஆனா இந்தக் காலத்து ஆசிரியர் ஒருத்தரு தானே நோட்டேசன் போட்டுப் புக் அச்சடிச்சிருந்தா அது அவரோடது, நம்ம நாட்டுல எழுதுனவர் காலத்துக்கு அப்பறம் 60 வருசம் வரைக்கும் உரிமை இருக்கு. அந்த மாதிரி ஃபைலை வீட்டோட வெச்சுக்கோங்க, பெரியப்பா கைநோட்டு மாதிரி நம்மளுதை, அதுல இருக்கற பாட்டுக்கும் வேற யாருக்கும் உரிமை இல்லீன்னா, தாராளமாப் பொதுவுல போடுங்க.