நகைச்சுவை மேடையிலிருந்து பழைய கட்டடங்களுக்கு: கிரிஃப் ரீஸ் ஜோன்ஸ் வழியில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கட்டடங்களுக்காகக் குரல் கொடுக்க முன்வரும் நகைச்சுவைக் கலைஞர்களுக்கும் தொகுப்பாளர்களுக்கும் பிரிட்டனில் நல்ல முன்னோடி கிரிஃப் ரீஸ் ஜோன்ஸ். 1953இல் கார்டிஃபில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, பிபிசி வானொலியில் தயாரிப்பாளராக வேலை பார்த்து, ‘நாட் தி நைன் ஓ’கிளாக் நியூஸ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி மூலம் நாடறிந்த முகமானார். பின்னர் நகைச்சுவைக் கலைஞர் மெல் ஸ்மித்துடன் ஜோடி சேர்ந்து பல ஆண்டுகள் சிரிக்க வைத்தார். இன்று அவர் பெயர் விக்டோரியா காலக் கட்டடங்களோடும் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தோடும் சேர்த்தே பேசப்படுகிறது. புகழ் இருந்தால் போதும், கட்டடம் பிழைத்துவிடும் என்று இதைப் பார்த்து நினைப்பவர்கள் இடறும் இடங்கள் சில உண்டு.

பரிச்சயம் இல்லாத கட்டடத்தில் தொடங்குவது

ஜோன்ஸ் கட்டடக் கலைஞர் அல்ல. அவர் முதலில் பெரிய அளவில் தோள்கொடுத்தது ஒரு நாடக அரங்குக்கு. கிழக்கு லண்டனின் ஹாக்னி எம்பயர், அரங்குக் கட்டடங்களுக்குப் பேர்போன ஃபிராங்க் மேட்சம் வடிவமைத்து 1901இல் திறக்கப்பட்டது. சாப்ளின் ஆடிய மேடை. பின்னாளில் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்கூடமாகி, பிங்கோ சூதாட்டக் கூடமாகி, 1986இல் மறுபடி நாடகக்காரர்கள் கைக்கு வந்தது. புதுப்பிப்பதற்கான நிதி திரட்டலை ஜோன்ஸ் முன்னின்று நடத்தினார். தொழிலதிபர் ஆலன் சுகர் மட்டும் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் தந்தார். 2001இல் மூடிய அரங்கு 2004 ஜனவரியில் திறந்தது.

ஏன் அரங்கு? ஒப்பனை அறை எங்கே இருக்க வேண்டும், அரங்கப் பொருள்களை எந்தக் கதவு வழியாக ஏற்ற வேண்டும், கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கு என்ன கேட்கும் என்பதெல்லாம் நடிகருக்கு அனுபவத்தில் தெரியும். நன்கொடையாளர் ‘திறந்த பிறகு இதில் என்ன நடக்கும்?’ என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ‘அழகான கட்டடம், காப்பாற்றுங்கள்’ என்று மட்டும் போய் நின்றால் காசோலை வராது. பழகிய தொழிலோடு ஒட்டிய கட்டடத்தையே முதலில் எடுங்கள்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. ஜோன்ஸும் ஸ்மித்தும் 1981இல் தொடங்கிய டாக்பேக் என்ற நிகழ்ச்சித் தயாரிப்பு நிறுவனம் 2000இல் 6 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கவலையில்லாத ஒருவர் பத்து வருடம் ஒரே பிரச்சாரத்தில் நிற்கலாம். மற்றவர்கள் தங்களால் எத்தனை வருடம் சம்பளமில்லாமல் நிற்க முடியும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

பரிசு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். 2003இல் பிபிசி ‘ரெஸ்டோரேஷன்’ நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. தொகுத்து வழங்கியவர் ஜோன்ஸ். நாடெங்கும் அழியும் நிலையிலிருந்த 30 கட்டடங்களைக் காட்டி, பார்வையாளர்களைத் தொலைபேசி வழியாக வாக்களிக்கச் சொன்னார்கள். வென்றது மான்செஸ்டரின் விக்டோரியா பாத்ஸ், 1906இல் திறந்து 1993இல் மூடப்பட்ட நீச்சல் குளக் கட்டடம். பரிசு சுமார் 34 லட்சம் பவுண்டு, பெரும்பகுதி, லாட்டரிப் பணத்தில் பழைய கட்டடங்களுக்கு உதவும் பாரம்பரிய நிதியிலிருந்து.

கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் முதல்கட்ட வேலை தொடங்கியது 2007இல், முடிந்தது 2008இல். அந்தக் கட்டத்தில் கையில் வந்தது முகப்புப் பகுதியின் பலப்படுத்தலும் கூரை வேலையும். உள்ளே மூன்று குளங்கள், ஒரு துருக்கியக் குளியலறை, சுவர் நெடுகப் பளபளப்பான ஓடுகள், வண்ணக் கண்ணாடி என ஏராளம் இருக்க, வழக்கமான பொது நீச்சல் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஆகியும் திரும்பவில்லை. இதைத் தோல்வி என்று எழுதுபவர்களுக்குப் பழைய கட்டடம் தெரியாது. கூரை தப்பியதால்தான் மற்றவை இன்னும் இருக்கின்றன.

பணம் எங்கே கரைகிறது? வேலை தொடங்குமுன் ஆய்வு, அளவெடுப்பு, வரைபடம், கட்டடக் கலைஞர் கட்டணம். பிறகு சாரம்: உயரமான கட்டடத்தில் சாரம் நிற்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் வாடகை ஓடும். பழுதுபார்ப்புக்கு மதிப்புக்கூட்டு வரியும் உண்டு. பிரிட்டனில் புது வீடு கட்ட அந்த வரி பூஜ்யம், பழையதைச் செப்பனிட 20 சதவீதம் (2003இல் 17.5). விசித்திரமான கணக்கு, ஆனால் பட்ஜெட்டில் அது இல்லாவிட்டால் பாதியில் நிற்க வேண்டியதுதான். பூச்சை உரித்த பிறகுதான் உத்திரம் உளுத்தது தெரியும் என்பதால், எதிர்பாராச் செலவுக்கென்று 15 முதல் 20 சதவீதம் தனியே வையுங்கள்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் கூரை, கூரை விளிம்பின் மழைநீர் வாய்க்கால், இறங்கு குழாய், வடிகால். அடுத்து உத்திரமும் சுவரும். வண்ணக் கண்ணாடியும் சுவர் ஓடுகளும் கடைசி. கேமரா நேர்மாறாகப் போகும், ஏனென்றால் அடைத்த மழைநீர் வாய்க்காலைப் பார்த்து யாரும் வாக்களிப்பதில்லை. நிகழ்ச்சியில் எதை வேண்டுமானாலும் காட்டுங்கள். ஒப்பந்தத்தில் அந்த வாய்க்கால் முதல் வரியில் இருக்கட்டும்.

தானே நிபுணராகப் பேசுவது

‘ரெஸ்டோரேஷன்’ நிகழ்ச்சியில் ஜோன்ஸ் தனியாக இல்லை. கட்டடக் கலைஞர் டாலமி டீனும் பாரம்பரியக் கட்டட ஆய்வாளர் மரியான் சூரும் உடன் இருந்தார்கள். ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்து என்ன கெட்டிருக்கிறது என்று சொல்வது அவர்கள் வேலை, ஆர்வத்தைக் கிளப்புவது இவர் வேலை. தொகுப்பாளரே விரிசலைத் தடவி ‘அஸ்திவாரம் போய்விட்டது’ என்று சொல்லிவிட்டால், கட்டடத்தை இடிக்க நினைக்கும் உரிமையாளர் அதையே எடுத்துக் காட்டுவார்.

விக்டோரியன் சொசைட்டிக்கும் இது பொருந்தும். விக்டோரியா காலக் கட்டடங்களைக் காக்க 1958இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு ஜோன்ஸ் தலைவர். அது ஒரு கௌரவப் பதவி. கட்டடங்களை மாற்றவோ இடிக்கவோ அனுமதி கேட்கும் விண்ணப்பங்களைப் படித்து, சட்டப்படி கருத்து எழுதி அனுப்புவது அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யும் அலுவலர்கள்.

சிமெண்டால் ‘காப்பாற்றுவது’

வேல்ஸின் பெம்புரோக்‌ஷயரில், ஸ்ட்ரம்பிள் ஹெட் அருகே டிரெஹிலின் என்ற பழைய பண்ணை வீட்டை ஜோன்ஸ் புதுப்பித்தார். பிபிசி அதைத் தொடராகவும் காட்டியது. அதைப் பார்த்துத் தாங்களும் ஒரு கல் வீட்டை வாங்குபவர்கள் முதலில் தொடுவது சிமெண்ட் மூட்டையை. பழைய கல் சுவரில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. ஏறும் ஈரம், கற்களுக்கு இடையிலான மூட்டுகளின் சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் காய்ந்து வெளியேறும். சிமெண்ட் வைத்துப் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் உள்ளே தங்கி உத்திர முனை அழுகும். குளிரில் உறைந்தால் கல்லின் முகமே தோல் உரிவதுபோலக் கழன்று விழும்.

சரியான முறை இது: கெட்ட சாந்தை உளியால் மூட்டின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ., எடுங்கள். மின் அரவை இயந்திரம் வேண்டாம், கல் விளிம்பு போய்விடும். மூட்டை நன்றாக நனையுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கரடுமுரடான மணல். சுவர்ப் பூச்சானால் ஒவ்வொரு தடவைக்கும் 8 முதல் 12 மி.மீ. கனம். மேலே ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாள் மெல்லக் காயவிடுங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் வேலையே வேண்டாம். அந்த ஊரில் அக்டோபருக்குப் பிறகு வசந்தம்வரை காத்திருப்பதே நல்லது. படப்பிடிப்புத் தேதிக்காகக் குளிர்காலத்தில் பூசிய சுவர், உறைபனியில் பொடிப்பொடியாக உதிரும்.

எதிர்ப்பை நகைச்சுவையாக எழுதுவது

லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம் 1874இல் திறக்கப்பட்டது. 1970களில் அதை இடிக்கத் திட்டம் வந்தபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். அதன் மேல் பெரிய கட்டடம் எழுப்பும் திட்டத்துக்கான விண்ணப்பம் 2023இல் வந்தபோது அந்த 1970களின் பிரச்சார அமைப்பு மறுபடி உயிர்பெற்று, ஜோன்ஸ் தலைவரானார். மேடையில் கிண்டல் செய்யலாம், கூட்டம் சேரும். கட்டட அனுமதி தரும் திட்ட அலுவலகத்துக்குப் போகும் கடிதத்தில் கிண்டலுக்கு மதிப்பெண் இல்லை. ‘அசிங்கமாக இருக்கிறது’ என்ற வரியும் வீண். எந்தப் பகுதி, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அது எந்தத் தரத்தில் இருக்கிறது, அந்தப் பகுதிக்கு என்ன சேதம், அதே பயனைக் குறைந்த சேதத்தில் அடைய வேறு வழி உண்டா: இந்த நான்கும் இருந்தால் அரைப் பக்கம் போதும்.

தேதியையும் சரிபாருங்கள். அந்த நிலையத்தின் இரும்புக் கூரையில் ஒரு பகுதி விக்டோரியா காலத்தது அல்ல. 1985-91 புதுப்பிப்பில் பழைய பாணியைப் பின்பற்றிச் சேர்த்தது. முழுவதும் 19ஆம் நூற்றாண்டு என்று எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு பிழையே போதும். ஒரே வாசகத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதைவிட, சொந்தச் சொற்களில் பத்துக் கடிதம் மேல். பெயர், முகவரி, விண்ணப்ப எண் மூன்றும் இருக்கட்டும். கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள்தான் அவகாசம், அது அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.