நாய்க்கும் பூனைக்கும் வீட்டுச் சாப்பாடு: சத்து எங்கே குறைகிறது, எதைக் கொண்டு நிரப்புவது

எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாய், இரண்டு பூனைகள். நாய் பெயர் வீரன், 12 கிலோ. பொன்னியும் சுப்பியும் ஆளுக்கு நாலு கிலோ சொச்சம். தூத்துக்குடியில் இருப்பதால் மீனுக்குப் பஞ்சமில்லை. தெருவில் பிராணி வளர்ப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது, "அக்கா, வீரனுக்கு என்ன டானிக் கொடுக்கிறீங்க? முடி இப்படி மினுமினுன்னு இருக்கே?" நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க வீட்டில் தினமும் தட்டில் என்ன போடுறீங்க?" பெரும்பாலும் பால் சோறு, தயிர் சோறு, மிச்சம் மீதி குழம்புச் சோறு, சாயங்காலம் டீக்கடை பிஸ்கட் என்றுதான் பதில் வரும்.

டானிக்கைப் பற்றி யோசிக்க வேண்டியது அதற்கு அப்புறம்தான். தினப்படி சாப்பாட்டில் எது விட்டுப்போகிறதோ அதை நிரப்புவதற்குத்தான் சத்துப் பொருள். எது விட்டுப்போகிறது என்று தெரியாமல் ஊற்றும் சிரப் வீண். சில நேரம் கெடுதலும்கூட. கடையில் வாங்கும் நல்ல முழுமையான உணவை மட்டும் சாப்பிடும் ஆரோக்கியமான நாய்க்கும் பூனைக்கும் பொதுவாக எதுவும் சேர்க்கத் தேவையில்லை. கீழே நான் சொல்வதெல்லாம் வீட்டில் சமைத்துப் போடுகிறவர்களுக்கு.

முதலில் ஒன்று. நாயும் பூனையும் ஒரே தட்டில் சாப்பிடும் ஜீவன்கள் இல்லை. நாய் மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து சோற்றையும் செரிக்கப் பழகிவிட்டது. மாவுச்சத்தை உடைக்கும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பிரதிகளாக இருப்பதை 2013இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பூனை அப்படி மாறவே இல்லை. இறைச்சி இல்லாமல் அதன் உடம்பு ஓடாது. டாரின் என்கிற சத்தை அதனால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் தெரியாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். கடை உணவு சாப்பிட்ட பூனைகளுக்கே இந்த இதய நோய் வந்து, காரணம் டாரின் குறைவுதான் என்று 1987இல் அமெரிக்காவில் தெரிந்தது. அதன் பிறகுதான் பூனை உணவுகளில் டாரினை அதிகமாகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பால் சோற்றில் பூனையை வளர்க்காதீர்கள் என்று நான் மன்றாடிச் சொல்வது இதனால்தான்.

வீரனின் தட்டு

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்த 12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 700 கலோரி போதும். வீரனுக்கு நான் போடும் ஒரு நாள் கணக்கு இது: தோல் நீக்கிய கோழித் தொடைக்கறி 250 கிராம், கோழி ஈரல் 12 கிராம், அரிசி 75 கிராம் (சமைக்கும் முன் எடை), பரங்கிக்காயோ கேரட்டோ ஒரு கைப்பிடி, ஒரு டீஸ்பூன் எண்ணெய். வாரத்தில் இரண்டு மூன்று நாள் 50 கிராம் சாளை மீன். வாரம் மூன்று நாள் ஒரு வேகவைத்த முட்டை; அன்றைக்குக் கறியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். காலையும் மாலையுமாக இரண்டு வேளை.

கறியைத் தண்ணீரில் வேகவைத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. டாரினும் பி வைட்டமின்களும் அதில்தான் இறங்கியிருக்கும். தண்ணீரைக் கொஞ்சமாக வைத்து, மூடி போட்டு வேகவிட்டு, அந்தச் சாற்றோடு சோற்றைப் பிசைந்து போடுங்கள். காய்கறி குழைய வெந்திருக்க வேண்டும். பாதி வெந்த கேரட் துண்டு மறுநாள் அப்படியே வெளியே வந்துவிடும்.

இந்தத் தட்டில் பெரிய குறை சுண்ணாம்புச் சத்து. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட உடம்பு எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும். வெறும் கறியே தின்று வளரும் குட்டிகளுக்கு எலும்பு மெலிந்து, சின்னதாகத் தாவினால்கூட முறிவது இப்படித்தான். "கறிதானே போடுகிறோம், சத்துக்கு என்ன குறை?" என்று நினைக்கும் வீடுகளில்தான் இது வருகிறது. பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

அதற்கு மருந்து அடுப்படியிலேயே இருக்கிறது, முட்டை ஓடு. உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வைப் பிய்த்துவிட்டு, ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். வெயிலில் மொறுமொறுவென்று காயட்டும். வெறும் வாணலியில் லேசாகச் சூடாக்கி, ஆறியதும் மிக்ஸியின் சின்ன ஜாரில் அரையுங்கள். பிறகு மெல்லிய வேட்டித் துணியை ஒரு கிண்ணத்தின் மேல் கட்டி அதில் சலியுங்கள். துணியில் தங்கும் குருணையை மறுபடி அரைக்கலாம். கீழே விழுந்தது விரலுக்கிடையில் தேய்த்தால் நெருடக் கூடாது, டால்கம் பவுடர் போல வழுக்க வேண்டும். ஈரமில்லாத பாட்டிலில் போட்டுவைத்தால் பல வாரம் வரும். வீரனுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்கு ஒட்டி. அதில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

லாப்ரடார், ராட்வீலர், கிரேட் டேன் மாதிரி பெரிய சாதிக் குட்டி வைத்திருக்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று படியுங்கள். கடையில் விற்கும் குட்டிகளுக்கான உணவையே சாப்பிடும் குட்டிக்கு "எலும்பு பலமாகட்டும்" என்று கால்சியம் சிரப் ஊற்றாதீர்கள். குடலுக்குள் வரும் அதிகப்படி கால்சியத்தைத் தடுக்கும் திறன் அந்த வயதுக் குட்டிக்குக் கிடையாது. மூட்டும் எலும்பும் கோணலாக வளர அதுவே காரணமாகிவிடும். குட்டிகளுக்கு வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவெடுத்தால், கால்நடை மருத்துவர் அளவு எழுதிக் கொடுத்த பிறகே செய்யுங்கள்.

சாளை

மற்ற ஊர்களில் மத்தி என்பார்கள். தோலுக்கும் முடிக்கும் மூட்டுக்கும் உதவும் ஒமேகா 3 கொழுப்பு இதில் கொட்டிக்கிடக்கிறது, விலையும் மலிவு. பாட்டில் மீன் எண்ணெய்க்கு முன்னால் நான் சிபாரிசு செய்வது இதைத்தான். ஆளிவிதை எண்ணெயில் இருப்பது வேறு வகை ஒமேகா 3. நாய் அதில் கொஞ்சம்தான் மாற்றிக்கொள்ளும், பூனை அதுகூடச் செய்யாது. தேங்காய் எண்ணெயில் ஒமேகா 3 கிடையவே கிடையாது.

பச்சையாகப் போடாதீர்கள். சாளை, நெத்திலி மாதிரி பல மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. பச்சை மீனையே தின்னும் பூனைக்குக் கழுத்து தொங்கிப்போய், தள்ளாட்டமும் வலிப்பும் வரும். நன்றாக வெந்தால் அந்த நொதி செத்துவிடும். நான் தலை, குடல் நீக்கிய சாளையைக் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் வைப்பேன். திறந்ததும் நடு முள்ளை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பேன். மாவாக நசுங்கினால் முள்ளோடு பிசைந்து கொடுக்கலாம், அன்றைக்கு ஓட்டுத்தூள் பாதி போதும். நெருடினால் மறுபடி குக்கர்தான். வஞ்சிரம், பாறை மாதிரி பெரிய மீனின் முள் இப்படி நசுங்காது, அதைக் கொடுக்கவே வேண்டாம்.

பூனைக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு தடவைக்கு மேல் மீன் வேண்டாம். பூனை என்றாலே மீன்தான் என்று நம் ஊரில் நினைப்பு. கொழுப்பு மீனையே தினமும் தின்றால் வைட்டமின் ஈ தீர்ந்துபோய் உடம்புக் கொழுப்பு வீங்கி வலிக்கும், தொட்டால் கத்தும். உப்புக் கருவாடும் வேண்டாம்.

பொன்னி, சுப்பி

பூனைகளுக்கு நான் முழுக்க வீட்டுச் சாப்பாடு போடுவதில்லை. நல்ல பூனை உணவுதான் அடிப்படை. அதன்மேல் வேகவைத்த கோழி, ஒரு துண்டு ஈரல், சாளை எல்லாம் சேர்த்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள். பூனையின் தட்டில் தவறுக்கு இடம் ரொம்பக் குறைவு. முழுக்க வீட்டில்தான் என்றால், ஒரு நாளைக்கு 130 கிராம் தொடைக்கறி, கோழி இதயம் இரண்டு, 6 கிராம் ஈரல், ஒரு கிராமுக்குக் குறைவாக ஓட்டுத்தூள் என்று தொடங்கலாம். ஆனால் டாரின் தூளும், பூனைக்கென்று உள்ள வைட்டமின் கலவையும் மருத்துவர் சொல்லும் அளவில் கட்டாயம் வேண்டும்.

ஈரல் நல்லது என்று தினமும் கிண்ணம் நிறையப் போடுகிறவர்கள் உண்டு. வைட்டமின் ஏ மிதமிஞ்சினால் பூனையின் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், குனிந்து தன்னை நக்கிக்கொள்ளக்கூட முடியாது. மொத்தக் கறியில் இருபதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஈரல் போடும் வீட்டில் காட் லிவர் ஆயில் (மீன் ஈரல் எண்ணெய்) சேர்க்கக் கூடாது, அதிலும் வைட்டமின் ஏதான்.

பூனை தண்ணீர் குடிக்கச் சோம்பல்படும். உலர் உணவில் ஈரம் பத்து சதவீதம்தான். அதனால் நான் கோழி வெந்த சாற்றை அதில் ஊற்றிக் கொடுப்பேன். சித்திரை வெயிலில் இது இன்னும் முக்கியம்.

சரி, எதெல்லாம் கூடாது? சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு மூன்றும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் சீக்கிரமாக. வெந்தாலும் அந்த நஞ்சு போகாது. "பூச்சிக்குப் பூண்டு" என்ற கை வைத்தியத்தை விட்டுவிடுங்கள். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்க விலங்கு நச்சு மருத்துவர்கள் சொன்னார்கள். புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. புளியில் அந்த அமிலம் ஏராளம். நம் சாம்பார், ரசம், புளிக்குழம்பு மூன்றிலும் புளியும் உண்டு, பூண்டோ வெங்காயமோ உண்டு. குழம்புச் சோறு போடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்த இது ஒன்றே போதும். சாக்லேட், சைலிட்டால் போட்ட சுகர் ஃப்ரீ சூயிங்கம், வெந்த கோழி எலும்பு, இதெல்லாம் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும்.

என் கணக்கே முழுமை என்று நான் சொல்ல மாட்டேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடைக் கல்லூரி 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013இல் வெளியிட்டது. நாய்க்கென்று எழுதப்பட்ட அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. துத்தநாகம், கோலின் (வைட்டமின் மாதிரியான ஒரு சத்து), தாமிரம் அடிக்கடி விட்டுப்போனவை. கோலினுக்குத்தான் முட்டை. துத்தநாகத்துக்கு இடையிடையே கோழிக்குப் பதில் மாட்டுக்கறி. மீதிக்கு நாய்களுக்கான வைட்டமின்-மினரல் கலவை ஒன்று போதும். அதிலும் ஒரே ஒரு கம்பெனியுடையது. இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் அளவு எகிறிவிடும்.

மாற்றும்போது ஒரேயடியாக மாற்றாதீர்கள். பழைய சாப்பாட்டில் கால் பங்கைப் புதியதாக்கி, வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து, ஒரு வாரம் பத்து நாளில் முழுக்கக் கொண்டுவரலாம். பேதியானால் வேகவைத்த பரங்கிக்காயை ஒரு ஸ்பூன் கூட்டுங்கள்.

மாதம் ஒரு தடவை எடை பாருங்கள். விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. 48 லாப்ரடார்களை வைத்து நடந்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதிகம் வாழ்ந்தன. எந்த டானிக்காலும் கொடுக்க முடியாத இரண்டு வருடம் அது. அதனால் வீரன் இடுப்பு மறைய ஆரம்பித்தால் நான் முதலில் குறைப்பது சோறு, கறியை அல்ல.

சிறுநீரகம், கல்லீரல், கணையம், சர்க்கரை என்று ஏதாவது நோய் இருக்கும் பிராணிக்கு மேலே சொன்ன எந்த அளவும் பொருந்தாது. பத்து வயது தாண்டியதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, அந்த ரிப்போர்ட்டையும் இப்போது போடும் சாப்பாட்டுக் கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.