கட்டுமானத் தளத்தில் தொழிலாளர்களைக் காப்பது எப்படி?

ஹெல்மெட்டும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தாலே பாதுகாப்புக்கான பொறுப்பு தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் பல தளங்களில் இருக்கிறது. மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் தவறிய பிறகு அடியின் கடுமையைக் குறைப்பதே அவற்றின் வேலை. ஆபத்தை அது இருக்கும் இடத்திலேயே நீக்க வேண்டும். அதற்கு மேற்பார்வையாளர், ஆட்கள் வேலையில் இறங்கும் முன்பே தளம் முழுவதையும் ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும்.

கட்டுமானத்தில் உயிர்ப்பலிக்கு முக்கியக் காரணம் உயரத்திலிருந்து விழுவதுதான் என்பதால், உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் சாரத்திலிருந்து தொடங்குங்கள். சாரத்தின் கால்கள் உடைந்த செங்கல்லின் மேல் நிற்காமல் தடித்த பலகையின் மேல் நிற்கின்றனவா, நடைபலகைகள் இடைவெளியின்றி இறுகக் கட்டப்பட்டிருக்கின்றனவா, விளிம்பில் சுமார் 1 மீட்டர் உயரத்தில் கைப்பிடிக் கம்பியும் அதற்குக் கீழே நடுக்கம்பியும் உள்ளனவா என்று பாருங்கள். பலகையின் நுனி தாங்கியைத் தாண்டி அதிகம் நீண்டிருந்தால், அதில் கால் வைத்தவுடன் மறுமுனை எழும்பி ஆளைக் கவிழ்த்துவிடும். பொருள் ஏற்ற இடைஞ்சலாக இருக்கிறது என்று யாராவது குறுக்குக் கம்பியைக் கழற்றியிருக்கலாம். ஆகவே நேற்றைய சோதனை இன்றைக்குப் போதாது. பலத்த காற்றுக்கும் மழைக்கும் பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும்.

மாடித் தரையில் விடப்பட்ட துளைகளின் மேல் பிளைவுட்டை வெறுமனே போட்டு வைப்பது, மூடாமல் விடுவதைவிடவும் மோசமானது. கிடக்கும் பலகை என்று நினைத்து ஒருவர் அதை இரு கைகளாலும் தூக்கி முன்னால் ஓரடி வைத்தால், காலடியில் இருக்கும் துளை அவர் கண்ணுக்குத் தெரியாது. மூடியை ஆணியடித்துப் பொருத்தி, 'கீழே துளை' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

விழும் ஆபத்து உள்ள இடத்தில் இடுப்பு பெல்ட் மட்டும் கட்டக்கூடாது. முழு உடலையும் தாங்கும் பெல்ட்டை, தலைக்கு மேலே உறுதியான அமைப்பில் மாட்ட வேண்டும். விழுந்தவர் அதில் அசைவின்றித் தொங்கினால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதால், அவரை எப்படி இறக்குவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

பள்ளம் தோண்டும் வேலை சாதாரணமாகத் தோன்றுவதால்தான் அதில் அலட்சியம் அதிகம். 1 கனமீட்டர் மண் ஏறத்தாழ 1.5 டன் எடை இருக்கும். மார்பளவு புதைந்தவரால் மூச்சை உள்ளிழுக்க முடியாது. 1.5 மீட்டரைத் தாண்டிய பள்ளத்துக்குப் பக்கவாட்டில் முட்டுக் கொடுங்கள், அல்லது கரையைச் சரிவாக வெட்டுங்கள். எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். ஏறி வர ஏணி அருகிலேயே இருக்கட்டும். விளிம்பை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தால் உடனே எல்லோரையும் வெளியேற்றுங்கள். சரிந்த பள்ளத்தில் உதவிக்கு யாரும் குதிக்க வேண்டாம். இரண்டாவது சரிவு அவர்களையும் மூடிவிடும்.

மின் கருவிகளுக்கான இணைப்பில், மின்சாரம் கசிந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருப்பது அவசியம். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். நீளமான கம்பியைத் தோளில் சுமந்து திரும்புபவருக்கு, மேலே செல்லும் மின்கம்பி கண்ணில் படாது.

கல்லையும் கான்கிரீட்டையும் அறுக்கும்போது தண்ணீர் பாய்ச்சுங்கள், ஏனெனில் அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலை மீளமுடியாதபடி கெடுக்கிறது. ஈரச் சிமென்ட் கலவை பூட்ஸுக்குள் புகுந்தால் முதலில் வலிக்காது. சில மணி நேரம் கழித்தே தோல் வெந்திருப்பது தெரியும். எனவே உடனே கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

கடும் வெயிலில் தாகத்துக்குக் காத்திராமல் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் தர வேண்டும்; புதிதாக வந்தவருக்கு முதல் வாரம் வேலை நேரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஒருவருடைய பேச்சு குழறினால் அவரை நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுதும் தண்ணீர் ஊற்றியபடியே மருத்துவ உதவியை அழையுங்கள்.

இந்தக் குறைகள் பலவற்றை முதலில் காண்பவர் தொழிலாளர்தான். சாரம் ஆடுகிறது என்று அவர் ஏற மறுத்தால், அந்த நாளின் கூலி பிடிக்கப்படாது என்பதை வேலைக்குச் சேர்க்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.