ஓடும் ஃபெர்ரியில் வைஃபையைச் சோதிப்பது எப்படி?

ஃபெர்ரி துறையில் நிற்கும்போது ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி வரும் எண்ணை நம்பாதீர்கள். கரையில் டவர் பக்கத்திலேயே இருக்கும். புறப்பட்டதிலிருந்து மறுகரை சேரும்வரை அளந்தால்தான் அது சோதனை.

முதலில் போனை ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் இயக்குங்கள். இல்லையென்றால் வைஃபை மங்கியதும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். லாகின் பக்கம் வந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

அடுத்து, லேப்டாப்பையும் அதே வைஃபையில் இணைத்து, இரண்டு ஜன்னல்களில் பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள். இதுதான் முக்கியமான படி. ஒன்று கப்பலுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு (வைஃபை விவரங்களில் கேட்வே முகவரி என்று இருக்கும்), இன்னொன்று வெளியே 8.8.8.8க்கு (இணையத்தில் உள்ள கூகுள் சர்வரின் முகவரி). இரண்டும் சேர்ந்து எகிறினால் கோளாறு பெரும்பாலும் கப்பலுக்குள்தான். இரும்புச் சுவர்கள் சிக்னலை நன்றாகவே தடுக்கும். கேட்வே 3 மில்லிசெகண்டில் அசையாமல் நிற்க, வெளிப்பக்கம் மட்டும் துடித்தால் கப்பலுக்கு வெளியே உள்ள இணைப்பைச் சந்தேகியுங்கள். சில ரவுட்டர்கள் பிங்குக்குப் பதிலே தராது. அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளி பிங் 600 மில்லிசெகண்டுக்குக் குறையவே இல்லையா? அநேகமாக 35,786 கிலோமீட்டர் உயரத்துப் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகப் போகிறது. சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுபவை என்றால் பொதுவாக 100க்குள் வந்துவிடும்.

அப்புறம், பிங் முடிவுகளை நேரத்தோடும் ஜிபிஎஸ் இடத்தோடும் கோப்பில் சேமியுங்கள். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இணைப்பு விழுந்தால் அங்கே கவரேஜ் இல்லை என்று கொள்ளலாம். கப்பல் திசை மாறும்போதெல்லாம் விழுந்தால், புகைபோக்கியோ கம்பமோ ஆன்டெனாவை மறைக்கிறதா என்று பாருங்கள். கரை டவரோடு இணைந்த கப்பலில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: அமைதியான நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையோடு மோதிச் சிக்னலைக் குறைக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கினால் சிக்னல் குறையும் அந்த இடம் வேறு பக்கம் நகர்ந்துவிடும். அதனால் வேறொரு நேரத்திலும் ஒருமுறை போய் அளப்பது நல்லது.

கடைசியாக வேகம். கரையில் உங்கள் சொந்த சர்வர் ஒன்று இருந்தால் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருள் போதும். 10 விநாடி ஓட்டம், பதிவிறக்கமும் பதிவேற்றமும் தனித்தனியாக. அது ஓடும்போது பிங் எவ்வளவு ஏறுகிறது என்றும் பாருங்கள், வீடியோ அழைப்பு தாங்குமா என்பது அதில்தான் தெரியும். தொடர்ச்சியாக ஓட்டாதீர்கள், மற்ற பயணிகளின் இணைப்பும் அதுதான். கப்பல் ஊழியர்களிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். கூட்டம் அதிகமான பயணம் எது என்றும் அவர்களிடமே கேளுங்கள். அந்த நேரத்து அளவுதான் கட்டாயம் வேண்டும்.