‘எனக்கு’ வருகிற இடத்தில் அவ்வார்

பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய முதல் மாதம் முழுவதும் ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதைத் தவறாகவே சொல்லிவந்தேன். ஆங்கிலத்தில் யோசித்து, ‘இரு’ என்னும் பொருளுள்ள ‘எத்ர்’ வினையைப் போட்டதே காரணம். அங்கே வர வேண்டியது ‘அவ்வார்’. உடையவராக இருப்பதைச் சொல்லும் வினை அது.

முதலில் தமிழிலேயே யோசியுங்கள். எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்கு 20 வயது, எனக்கு ஒரு தங்கை உண்டு. இவை அத்தனைக்கும் அவ்வார்தான். பசிக்கு ‘ஜே ஃபேன்’, பயத்துக்கு ‘ஜே பெர்’. தெரியும், பிடிக்கும், வேண்டும் போன்றவற்றுக்குத் தனி வினைகள் உண்டு. அவற்றை இதில் கலக்க வேண்டாம்.

அடுத்து வடிவங்கள்: ஜே (எனக்கு), த்யு ஆ (உனக்கு), இலா (அவனுக்கு), எலா (அவளுக்கு), நூஃஜவோன் (எங்களுக்கு), வூஃஜவே (உங்களுக்கு), இல்ஃஜோன் (அவர்களுக்கு). ‘ஃஜ’ என்பதை ஆங்கில z போல ஒலியுங்கள். வாய்பாடாக ஒப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியத்தைத் தாளில் எழுதி, உரக்கப் படித்து, செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். எந்தச் செயலியையும்விட இது எனக்குப் பயன்பட்டது.

நான் தடுக்கி விழுந்தது கடைசி வடிவத்தில்தான். ‘அவர்களுக்கு இரண்டு மகள்கள்’ என்று ஆசிரியை சொல்லச் சொல்ல எழுதியபோது, ‘இல்ஃஜோன்’ என்பதை ‘இல்ஸோன்’ என்று எழுதிவிட்டேன். அது எத்ர் வினையின் வடிவம். இரண்டும் என் காதுக்கு ஒன்றாகவே கேட்டன. தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். ‘ஸ’ சொன்னபோது விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே ஒலியை வண்டின் ரீங்காரம்போல் இழுத்தபோது தொண்டை அதிர்ந்தது. அந்த அதிர்வு இருந்தால் அவ்வார், இல்லாவிட்டால் எத்ர். இறுதி ‘ன்’ மூக்கோடு நிற்கட்டும். நாக்கு அண்ணத்தைத் தொடக் கூடாது.

எதிர்மறை எளிது: ‘ஜ நே பா ஃபேன்’, எனக்குப் பசியில்லை. பேச்சில் ‘ஜே பா ஃபேன்’ என்று சுருங்கும். நம்முடைய ‘உண்டு’ போல ‘இலியா’ என்றொரு தொடரும் இதே வினையிலிருந்து வருகிறது. நாள்தோறும் உதவும்.

பின்சேர்க்கை: ‘ஜே மான்ஜே’ என்றால் ‘சாப்பிட்டேன்’ ஆயிற்றே, அதில் ‘எனக்கு’ எங்கே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அங்கே அவ்வார் இறந்தகாலத்தைக் காட்டும் துணைவினை மட்டுமே. ‘எனக்கு’ வழி அதற்குப் பொருந்தாது. போ, வா போன்ற சில வினைகள் துணைக்கு எத்ரையே எடுத்துக்கொள்ளும்.