போர்க்காலத் தபால் முத்திரைகள்: சேகரிப்பாளர்கள் சறுக்கும் இடங்கள்

போர்க்கால உறை ஒன்று கிடைத்ததும் முத்திரையில் உள்ள எண்ணைப் பட்டியலில் தேடி, பக்கத்திலேயே ஊர்ப்பெயரைப் பென்சிலால் குறித்துவைப்பவர்கள் அதிகம். அந்த ஊரை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதானே எண்ணையே போட்டார்கள்! எஃப்.பி.ஓ. எனப்படும் கள அஞ்சலகம் படையோடு நகரும். எண்ணும் கூடவே போகும். 1942இல் எகிப்தில் இருந்த எண் 1944இல் இத்தாலியில் இருந்திருக்கலாம். ஆகவே முதலில் தேதி, அப்புறம்தான் எண். தேதி படியாத முத்திரைக்கு ஊர் சொல்லாமல் விடுவதே நல்லது.

அமெரிக்கப் படை முகவரியிலும் இதே வழுக்கல் உண்டு. ஏ.பி.ஓ. எனப்படும் படை அஞ்சலகத்தின் எண்ணுக்குப் பின்னால் சான் பிரான்சிஸ்கோ என்றிருந்தால் வீரர் அங்கே இருந்தார் என்று பொருளில்லை. பசிபிக் பகுதிக்குத் தபால் அந்த வழியாகப் போனது, அவ்வளவுதான்.

தணிக்கையில் இரண்டு வகை உண்டு. அவற்றைக் கலந்துவிடுவதுதான் பெரிய குழப்பம். படைப்பிரிவில் அதிகாரியே தன் ஆட்களின் கடிதத்தைப் படித்து, முத்திரை குத்திக் கையெழுத்திடுவார். இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் முத்திரைகளில் மேலே கிரீடமும் உள்ளே ஓர் எண்ணும் இருக்கும். பொதுமக்கள் தபாலுக்கான தணிக்கை வேறு: உறையின் ஓரத்தை வெட்டிப் பிரித்துப் படித்து, வெட்டின்மேல் சீட்டு ஒட்டுவார்கள். பி.சி. 90 என்று அச்சிட்ட பிரிட்டிஷ் சீட்டில் 'எக்ஸாமினர்' என்ற சொல்லோடு வரும் எண், படித்த ஊழியருடையது. அதில் ரெஜிமெண்டைத் தேடினால் கிடைக்காது. ஜெர்மன் தணிக்கையில் கதையே வேறு. அங்கே சிறிய எழுத்து ஒன்று ஊரையே சொல்லிவிடும். b என்றால் பெர்லின், g என்றால் வியன்னா.

சீட்டு எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுக் கடிதம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். அட்லாண்டிக்கைக் கடந்த தபாலை பிரிட்டிஷார் பெர்முடாவில் இறக்கிப் பிரித்தார்கள். நியூயார்க்கிலிருந்து லிஸ்பனுக்குப் போன கடிதத்தில் பிரிட்டிஷ் சீட்டு இருப்பது அப்படித்தான்.

தபால்தலை இல்லையென்றால் உதிர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். போர்முனைத் தபால் பெரும்பாலும் இலவசம். படைப்பிரிவின் தணிக்கை முத்திரை இல்லாததும் சந்தேகத்துக்கு உரியதல்ல. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பச்சை உறை என்று ஒன்று தரப்பட்டது. சொந்த, குடும்ப விஷயம் மட்டுமே எழுதியிருப்பதாக வீரர் கையெழுத்திட்டால் பிரிவு அதிகாரி அதைப் படிக்க மாட்டார். பின்தளத்தில் வேண்டுமானால் பிரிப்பார்கள்.

எனக்கு மனம் பொறுக்காதது சுத்தம் செய்யும் வேலைதான். ஜெர்மன் தணிக்கை கடந்த சில உறைகளில் சாய்வாக நீலக் கோடுகள் ஓடும். கண்ணுக்குத் தெரியாத மையால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ரசாயனத்தைத் தூரிகையால் தடவிய தடம் அது. கறை என்று அழித்தால் சாட்சியமே போயிற்று. சீட்டையும் தண்ணீரில் ஊறவைத்து எடுக்காதீர்கள். போலியைப் பிடிக்க அது தேவைப்படும்: உறையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சீட்டுக்கு அடியில் வெட்டே இல்லையென்றால், பின்னால் யாரோ ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, '56 ஏ.பி.ஓ.' என்று பார்த்ததும் போர்க்கடிதம் என்று விலை ஏற்றுகிறார்கள். இந்திய ராணுவ வீரர்கள் பலருக்கு அமைதிக் காலத்திலும் அதுதான் முகவரி.